ராத்திரி வட்டி பேட்ச்: கோபோலா, ஜாவாவா?

தேன்மொழி:
வங்கி ஒன்றின் மெயின்ஃப்ரேமில் (பெரிய மையக் கணினி) வேலை செய்கிறேன். சேமிப்புக் கணக்குகளுக்கு ராத்திரியில் தினசரி வட்டி போடும் பேட்ச் (மொத்தமாக ஓடும்) ப்ரோகிராமைப் புதிதாக எழுதப் போகிறோம். பழையது கோபோல் மொழியில் இருக்கிறது. தரவு டிபி2 தரவுத்தளத்தில் இருக்கிறது, கொஞ்சம் விசாம் என்ற மெயின்ஃப்ரேம் ஃபைல்களிலும். மேலிடம் ஜாவா என்கிறது. டீமில் பாதிப் பேர் கோபோலிலேயே இருக்கட்டும் என்கிறார்கள். இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ரஃபீக்:
ஜாவாதான். முதல் காரணம் பணம். ஜாவா வேலை ஸிப் (zIIP) என்ற தனி வகை ப்ராசசருக்குப் போகும், அங்கே செலவாகும் நேரம் ஐபிஎம் மென்பொருள் கட்டணத்தில் ஏறாது. கோபோல் பேட்ச் பொது ப்ராசசரில் ஓடும், கட்டணமும் கூடும். வேகம் குறைத்து வாங்கிய மாடல் என்றால் இன்னொரு லாபமும் உண்டு. மெதுவாக ஓடுவது பொது ப்ராசசர் மட்டும்தான், ஸிப் முழு வேகத்தில் ஓடும்.

அப்புறம் ஆட்கள். 2020 ஏப்ரலில் நியூ ஜெர்சி கவர்னர் பில் மர்ஃபி கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். ஒரு வங்கி அந்த நிலைமைக்குப் போகக் கூடாது.

முருகேசன்:
ரஃபீக், ஸிப் கணக்கில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். பொது ப்ராசசர் பயன்பாட்டின் நான்கு மணி நேரச் சராசரியில் மாத உச்சத்தை வைத்துக் கட்டணம் கட்டுகிற இடம் என்றால், அந்த உச்சம் எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி. பகலில் சிஐசிஎஸ் (உடனடிப் பரிவர்த்தனை மென்பொருள்) கூட்டத்தில் உச்சம் வந்தால், ராத்திரி பேட்சை எங்கே தள்ளினாலும் அந்தக் கட்டணத்தில் ஒரு ரூபாய் குறையாது.

ஜாவாவில் எழுதியதெல்லாம் ஸிப்பில் ஓடும் என்பதும் சரியல்ல. பழைய கோபோல் சப்ரூட்டீனைக் கூப்பிட்டால் அந்தப் பகுதி பொது ப்ராசசருக்குத் திரும்பிவிடும். அதே எல்பாரில் (மெயின்ஃப்ரேமைப் பிரித்த ஒரு பகுதி) உள்ள டிபி2-வை டைப் 2 ட்ரைவர் (நேரடி இணைப்பு மென்பொருள்) வழியாகத் தொட்டால் எஸ்க்யூஎல் (தரவுத்தளக் கட்டளைகள்) வேலையும் அங்கேதான். இந்த மாதிரி பேட்சில் நேரத்தைத் தின்பதே எஸ்க்யூஎல்தான்.

கணக்குப் போடும் விதமும் முக்கியம். ஒரு எண்ணைக் காம்ப்-3 (பேக்டு டெசிமல், தசம இலக்கங்களை நெருக்கி வைக்கும் வடிவம்) என்று அறிவித்தால் கோபோல் கம்பைலர் அதை நேராக ப்ராசசரின் டெசிமல் கட்டளைகளாக்குகிறது. 2017-இல் வந்த இசட்14 மெயின்ஃப்ரேமில் பேக்டு டெசிமலுக்கென்றே வெக்டர் கட்டளைகள் சேர்ந்தன. பழைய கம்பைலரில் கிடக்கும் ப்ரோகிராமைப் புதிய கம்பைலரில், உங்கள் மெஷினுக்கேற்ற ஆர்க் ஆப்ஷனோடு (எந்த மாடலுக்கு என்று சொல்வது) கம்பைல் செய்தாலே நேரம் இறங்க நல்ல வாய்ப்பு உண்டு. முதலில் அதைச் செய்யுங்கள்.

ரஃபீக்:
சார், நான்கு மணி நேரச் சராசரியில் எல்லாரும் இல்லை. 2019-இல் ஐபிஎம் டெய்லர்டு ஃபிட் விலைமுறையைக் கொண்டுவந்தது. பயன்பாட்டின் அடிப்படையில் கட்டும் ஒப்பந்தம் என்றால் ராத்திரி ஓடுவதும் மொத்தத்தில் சேரும். அங்கே ஸிப்புக்குப் போகிற ஒவ்வொரு நிமிடமும் மிச்சம்தான்.

கோபோல் கணக்கை ரொம்பவும் நம்பாதீர்கள். ஆன் சைஸ் எரர் (விடை அடங்காவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் பகுதி) எழுதாத கம்ப்யூட் கணக்கு வரியில் விடை அதற்கான புலத்துக்குள் அடங்காவிட்டால், இடப்பக்க இலக்கங்கள் சத்தமில்லாமல் உதிரும். ஜாப் ரிட்டர்ன் கோடு 0 (பிழையில்லை) கொடுத்து முடியும், காலையில் வாடிக்கையாளர்தான் கண்டுபிடிப்பார். ஜாவாவின் பிக்டெசிமல், எண் எவ்வளவு பெரிதானாலும் அப்படி உதிர்க்காது.

முருகேசன்:
அது நியாயமான குறை. ஆன் சைஸ் எரர் இல்லாத வட்டிக் கணக்கை ரிவ்யூவில் நான் விடவே மாட்டேன். ஆனால் பிக்டெசிமலிலும் பள்ளம் உண்டு. ஸ்கேலும் (தசம இடங்கள்) ரவுண்டிங்கும் சொல்லாமல் 1-ஐ 365-ஆல் வகுத்துப் பாருங்கள், எக்ஸெப்ஷன் (பிழை) விழும், ஏனென்றால் அந்தத் தசமம் முடிவதில்லை.

தேன்மொழி கவனிக்க வேண்டியது வேறு. கோபோல் இடைவிடைகளுக்கு எத்தனை தசம இடம் வைக்கும் என்பது புலங்களின் பிக்சரைப் (இலக்க அளவு அறிவிப்பு) பொறுத்தது. பழைய ப்ரோகிராமில் முதலில் வகுத்துப் பிறகு பெருக்கியிருந்தால், அந்த வெட்டோடு சேர்ந்த விடையைத்தான் வங்கி இத்தனை வருடமாகக் கொடுத்துவருகிறது. ஜாவாவில் சரியாக எழுதினாலும் பைசா மாறும். எது சரி என்பதைத் தணிக்கைத் துறைதான் சொல்ல வேண்டும், ப்ரோகிராமர் முடிவு செய்யக் கூடாது.

கலைச்செல்வி:
நான் ஆபரேஷன்ஸ் பக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு அபெண்ட் ஆனால் (பிழையால் பாதியில் நின்றால்) போன் எடுப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லையே. எஸ்0சி7 (எண் புலத்தில் தவறான தரவு) வந்தால் எங்கள் ஆட்கள் ஆஃப்செட்டை (ப்ரோகிராம் நின்ற இடம்) எடுத்து, கம்பைலர் லிஸ்டிங்கில் வரியைப் பிடித்து, கெட்ட ரெக்கார்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஜாவா ஸ்டாக் ட்ரேஸ் (பிழை வந்த வழியின் பட்டியல்) படிக்கத் தெரிந்தவர்கள் பகல் ஷிஃப்டில் இருக்கிறார்கள். மெமரி போதாமல் ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் மென்பொருள்) விழுந்தால் ரீஜியன், மெம்லிமிட் என்ற மெமரி வரம்புகளையெல்லாம் பார்க்க வேண்டும்.

வேலையைச் சின்னச் சின்ன ஸ்டெப்களாக உடைத்து ஒவ்வொன்றிலும் ஜேவிஎம்மைத் தொடங்கவும் வேண்டாம், தொடங்கும் செலவே பெரிதாகிவிடும். ஒரே ஸ்டெப், நடுவில் கமிட் (அதுவரை செய்ததை நிலைப்படுத்துவது), விழுந்தால் விட்ட இடத்திலிருந்து ரீஸ்டார்ட். எந்த மொழியானாலும் இது இல்லாமல் ப்ரொடக்‌ஷனுக்கு விட மாட்டேன்.

தேன்மொழி:
கெப்பாசிட்டி டீமிடம் கேட்டுவிட்டேன். நாங்கள் நான்கு மணி நேரச் சராசரியில்தான் இருக்கிறோம், ஆனால் உச்சம் மாதக் கடைசி ராத்திரி பேட்சில் வருகிறது. பழைய ப்ரோகிராமில் வகுத்தல்தான் முதலில் இருக்கிறது.

ரஃபீக்:
உச்சமே ராத்திரி பேட்ச் என்றால் ஜாவாவுக்கு அது பெரிய பலம்.

முருகேசன்:
உங்கள் வாதத்துக்கு இப்போது எடை கூடிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எஸ்க்யூஎல் பங்கு தெரியாமல் முடிவெடுக்க வேண்டாம். ஒரு கிளையின் கணக்குகளை மட்டும் எடுத்து, புதிதாகக் கம்பைல் செய்த கோபோலையும் ஜாவா மாதிரியையும் ஓட்டி, எஸ்எம்எஃப் 30 ரெக்கார்டுகளை (ஜாபின் ப்ராசசர் நேரக் கணக்கு) எடுங்கள்.

ரஃபீக்:
எடுக்கும்போது ஸிப்புக்குத் தகுதியிருந்தும் பொது ப்ராசசரில் ஓடிய நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள், அது தனிப் புலமாகவே வரும். அது அதிகமாக இருந்தால் உங்கள் ஸிப் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிறது, நான் சொன்ன மிச்சம் கைக்கு வராது. எண்களை இங்கே போடுங்கள், மேற்கொண்டு பேசலாம்.