மாடி ஆன்டெனாவைச் செருகினால் ஸ்கேனரில் பாட்டுக் கேட்கிறது: புதிய ஸ்கேனர் வாங்குவதா, வடிப்பான் போதுமா?

வளவுவாசி (பள்ளத்தூர்):
அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டுதான் எனக்கு அமெச்சூர் வானொலி உரிமம் கிடைத்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா, தாம் பல ஆண்டுகள் பயன்படுத்திய கையடக்க ஸ்கேனர் (அதிர்வெண்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்கும் வானொலிப் பெட்டி) ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 2 மீட்டர் பட்டையில் நண்பர்கள் பேசுவதையும், விண்வெளி நிலையம் தலைக்கு மேலே கடக்கும்போது 145.800-இல் வருவதையும் கேட்க வேண்டும் என்பதே என் விருப்பம். எங்கள் வீடு பழைய வீடு. இரும்பு உத்தரமும் கனத்த சுவருமாக இருப்பதால் வளவுக்குள் எதுவும் எடுப்பதில்லை. ஆகவே மொட்டை மாடியில் ஆன்டெனா நிறுத்தி, பரணில் கிடந்த பழைய டிவி பூஸ்டர் ஒன்றையும் அதன் அடியில் இணைத்தேன்.

அன்று முதல் தொல்லைதான். ஸ்கேன் செய்தால் 121.900-இல் நின்றுவிடுகிறது, கரகரப்போடு சினிமாப் பாட்டு வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா, “இது கொடைக்கானல் ஸ்டேஷன் இல்லையா?” என்று கேட்டார்கள், தம் ரேடியோவைத் திருப்பிச் சரிபார்க்கவும் செய்தார்கள், அதே பாட்டுதான். 110-க்கு மேல் வேறு சில இடங்களில் இரண்டு நிலையங்கள் பின்னிக்கொண்டு கேட்கின்றன. இவற்றைவிட வருத்தம் என்னவென்றால், மாடியில் நின்று ரப்பர் ஆன்டெனாவிலேயே தெளிவாகக் கேட்ட தேவகோட்டை நண்பரின் குரல், இப்போது இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. விலை உயர்ந்த ஸ்கேனர் ஒன்றை வாங்கினால் தீரும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

ஊசிமுனை:
ஸ்குவெல்ச்சை (மெலிந்த சிக்னலையும் இரைச்சலையும் அடைக்கும் திருகு) கூட்டி வைத்துப் பாருங்கள். சிக்னல் போதவில்லை என்றால், நல்ல பெருக்கி ஒன்றைக் கூடுதலாகப் போடலாம்.

பழைய ஹாம்:
தம்பி, மேலே சொன்ன பெருக்கியை மட்டும் தயவுசெய்து போட வேண்டாம். இப்போது இருப்பதையும் கழற்ற வேண்டியிருக்கும். உங்களுக்கு இருப்பது சிக்னல் குறை அன்று, வேண்டாத சிக்னல் மிகுதி.

முதலில் 121.9-ஐப் பார்ப்போம். பழைய ஸ்கேனர்கள் பலவற்றில் முதல் ஐ.எஃப். (வரும் சிக்னலைக் கருவி உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அதிர்வெண்) 10.7 மெகாஹெர்ட்ஸ். அப்படிப்பட்ட கருவியை 121.9-இல் வைத்தால், உள்ளே அலை உண்டாக்கும் ஆசிலேட்டர் 111.2-இல் ஓடும். அதற்கு 10.7 மேலே இருப்பது 121.9, அதே 10.7 கீழே இருப்பது 100.5, அதாவது கொடைப் பண்பலை. நுழைவாயிலில் உள்ள வடிப்பு பலவீனமாக இருந்தால், வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் மிக்ஸருக்கு இரண்டும் ஒன்றுதான். இதைத்தான் இமேஜ் என்கிறோம். 121.9 இருக்கும் விமானப் பட்டையில் கருவி ஏ.எம். முறையில் இருப்பதால் பண்பலைப் பாட்டு கரகரக்கிறது. அப்பத்தா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. நம் செட்டிநாடோ மேடு பள்ளமில்லாத சமவெளி. சுமார் 140 கிலோமீட்டர் தள்ளியிருந்தும் உங்கள் மாடி ஆன்டெனாவுக்கு அந்த மலை ஏறத்தாழ நேர்ப்பார்வையில் இருக்கிறது.

பின்னிக்கொண்டு வருபவை வேறு சாதி. வலுவான இரண்டு நிலையங்கள் பூஸ்டருக்குள் மோதிப் பெற்ற பிள்ளைகள் அவை. 88-இலிருந்து 108 வரையுள்ள நிலையங்களின் மூன்றாம் படிக் கலப்புகள் (ஒன்றின் இரு மடங்கிலிருந்து மற்றதைக் கழித்தால் வருபவை) 128-க்கு மேல் போகா என்பதால், 145-இல் நேராகப் பாட்டு விழவில்லை. ஆனால் பண்பலைச் சுமையில் மூச்சுத் திணறும் பூஸ்டர், உங்கள் நண்பரின் மெல்லிய குரலையும் அமுக்கிவிடுகிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். பூஸ்டருக்கு முன்னால் 10 டெசிபல் அட்டனுவேட்டர் (சிக்னலின் திறனைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் சிறு துண்டு) ஒன்றை வையுங்கள். இமேஜ் 10 டெசிபல் மட்டுமே குறையும். மூன்றாம் படிக் கலப்போ 30 டெசிபல் விழும். எது எஞ்சுகிறது, எது மறைகிறது என்று எழுதுங்கள்.

வளவுவாசி:
ஐயா, அப்படியே செய்தேன். பின்னல் பாட்டுகள் அடியோடு போய்விட்டன. 121.9 சற்று மெலிந்தாலும் அப்படியே இருக்கிறது. வியப்பாக, தேவகோட்டைக் குரல் அட்டனுவேட்டர் வைத்த பிறகே நன்றாகக் கேட்கிறது. அப்படியானால் கடைக்காரர் சொன்ன ஸ்கேனர்?

பழைய ஹாம்:
விலை கூடிய கருவிகள் பலவற்றில் முதல் ஐ.எஃப். சில நூறு மெகாஹெர்ட்ஸில் இருப்பதால், இமேஜ் வெகு தொலைவுக்குத் தள்ளப்பட்டுவிடும், 121.9 பாட்டு போய்விடும், உண்மை. ஆனால் பின்னலும் அமுக்கமும் பூஸ்டரில் பிறப்பவை. கெட்டுப்போன பாலை வெள்ளிச் செம்பில் ஊற்றினால் என்ன ஆகும்? ஆகவே பூஸ்டரைக் கழற்றிவிட்டு, 100.5-க்கு ஒரு ஸ்டப் செய்யுங்கள், அதாவது ஆன்டெனா கேபிளின் பக்கவாட்டில் தொங்கி, அந்த அதிர்வெண்ணை விழுங்கிவிடும் கால் அலைநீளக் கேபிள் துண்டு. செலவு ஒரு முழக் கேபிளும் ஒரு டி கனெக்டரும்தான்.

100.5-இன் கால் அலைநீளம் 74.6 சென்டிமீட்டர்; ஆர்.ஜி. 58 கேபிளில் அலை 0.66 மடங்கு வேகத்தில் ஓடுவதால் 49 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். டி கனெக்டரின் ஒரு கையில் அதைத் தொங்கவிட்டு, மறுமுனையைத் திறந்தே விடுங்கள். 53-இல் வெட்டித் தொடங்கி, அரை அரை சென்டிமீட்டராகக் கத்தரியுங்கள். 145-இல் ஓரிரு டெசிபல் இழப்பு வரும், பொறுத்துக்கொள்ளலாம். மற்ற நிலையங்களும் தொல்லை தந்தால், 88–108 முழுவதையும் தடுக்கும் ஆயத்த வடிப்பானை வாங்குங்கள். அதுவும் நீங்கள் கேட்கும் ஸ்கேனரின் விலையில் சிறு பகுதிதான்.

வளவுவாசி:
நேற்று மாலை முடித்தேன். அளவுக் கருவி இல்லாததால் 121.9 பாட்டையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்: வெட்ட வெட்டப் பாட்டு மங்கியது, 48.5-க்கு வந்தபோது, காதருகே வைத்தால்தான் கேட்கும் நிலை. இன்னும் அரை சென்டிமீட்டர் வெட்டியதும் மீண்டும் ஏறியது! புதிய துண்டு வெட்டி 48.5-இலேயே நிறுத்தியிருக்கிறேன். தேவகோட்டைக் குரல் தெளிவாக வருகிறது. கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மழை வந்தால் ஸ்டப்பின் திறந்த முனையில் நீர் இறங்காதா?

பழைய ஹாம்:
இறங்கினால் அதிர்வெண் நகர்ந்துவிடும். பூஸ்டர்தான் இல்லையே, ஸ்டப்பை மாடியில் ஏன் விடுகிறீர்கள்? கீழே, ஸ்கேனர் வாயிலேயே மாட்டிவிடுங்கள். இன்னொன்று, 145.800-இல் வரும் விண்வெளி நிலையத்தின் சிக்னல், நிலையம் நெருங்கும்போது ஏறத்தாழ 3.5 கிலோஹெர்ட்ஸ் மேலேயும், விலகும்போது அதே அளவு கீழேயும் நகரும். 5 கிலோஹெர்ட்ஸ் படியில் மேலும் கீழும் இரண்டு சேனல்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.