கிரேக்கருக்குப் பிறகு ஐரோப்பியர்களுக்குச் சிலை செதுக்கவே மறந்துபோச்சா?

பகல்கனவு எழுதியது:

ஐரோப்பியச் சிற்பங்களைப் படங்கள் வழியாக வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். ஏதென்ஸில் கிடைத்த கிரிட்டியஸ் சிறுவன் சிலை கி.மு. 480 வாக்கில் செய்தது. ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மறுகாலைத் தளர்த்தி, இடுப்பு லேசாகச் சாய நிற்கிறான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான் போலிருக்கிறது. 1,600 ஆண்டு கழித்து, பிரான்சில் சார்த்ர் பேராலய வாசலில் நிற்கும் ராஜா ராணிகளைப் பார்த்தால் எல்லாரும் விறைத்துப்போய் நிற்கிறார்கள். பாதம்கூடத் தரையில் பதியாமல் தொங்குகிறது. நடுவில் என்னதான் ஆச்சு? காட்டுமிராண்டிப் படையெடுப்பில் கலை அழிந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது சரிதானா?

உளிச்சத்தம் எழுதியது:

படையெடுப்பின் மேல் பழி போடுவது சுலபம், ஆனால் தேதி ஒத்துவராது. ரோம் நகரம் கொள்ளை போனது கி.பி. 410-இல். நீங்கள் சொல்லும் விறைப்பு அதற்குக் கிட்டத்தட்ட நூறாண்டு முன்பே, அதே ரோமில், பேரரசருக்காக எழுப்பிய கட்டடத்திலேயே வந்துவிட்டது.

ரோமில் பேரரசர் கான்ஸ்டன்டைனின் வெற்றிக்காகக் கட்டிய வளைவின் வடக்கு முகத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். 315-இல் திறந்த கட்டடம். இடது பக்கம் மேலே இரண்டு வட்டப் புடைப்புச் சிற்பங்கள் இருக்கும். ஒன்று பன்றி வேட்டை. குதிரை பாய்கிறது, மேலாடை பறக்கிறது. இவை இருநூறு ஆண்டு பழைய, ஹேட்ரியன் என்ற முந்தைய பேரரசர் காலத்துச் சிற்பங்கள். வேறெங்கோ இருந்ததைப் பெயர்த்து வந்து பதித்திருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே ஒரு நீளப் பட்டை. கான்ஸ்டன்டைன் மேடையிலிருந்து மக்களிடம் பேசுகிறார். கட்டைக் கால், பெரிய தலை, ஆட்கள் ஒரே உயரத்தில் வரிசையாக. துணி மடிப்பு என்று பெயருக்குக் கோடு கீறி விட்டிருக்கிறார்கள். இது 315-ஆம் ஆண்டின் சொந்த வேலை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மேலே வேட்டைக் காட்சியில் ஹேட்ரியனின் முகத்தை மட்டும் மறுபடி செதுக்கிக் கான்ஸ்டன்டைன் ஆக்கியிருக்கிறார்கள். அந்த முகவேலை அருமையாக இருக்கிறது. ஆக, செதுக்கத் தெரிந்த கை அந்த ஊரில் இருந்திருக்கிறது. கீழே பட்டையில் அது வேண்டியிருக்கவில்லை. அண்ணாந்து பார்க்கிறவனுக்கு ராஜா யார், கூட்டம் யார் என்று ஒரே பார்வையில் தெரிந்தால் போதும். அதனால்தான் அவர் நட்டநடுவில், நேர்முகமாக நிற்கிறார். தலை இப்போது உடைந்துபோயிருக்கிறது, ஆனாலும் யாரென்று கேட்கத் தோன்றாது.

வெனிஸில் புனித மாற்கு ஆலய மூலையில், ரோமை ஒரே சமயத்தில் ஆண்ட நான்கு பேரரசர்கள் கட்டிப்பிடித்து நிற்கும் ஊதாக்கல் சிலையும் அதே ரகம்தான். நால்வரும் ஒரே அச்சு, ஒருவர் வாளை ஒருவர் மாற்றிக் கொடுத்தாலும் நமக்குத் தெரியாது. நாலு பேர் ஆண்டாலும் ஆட்சி ஒன்று என்று காட்டத்தானே செய்தது!

பழைய ஏடு எழுதியது:

உளிச்சத்தம் சொல்வதில் பாதிதான் உடன்பாடு. 'தேவை மாறியது' என்று சொல்லிச் சொல்லியே கைத்திறன் குறைந்ததை மூடி மறைக்கிறோம். 3, 4-ஆம் நூற்றாண்டு ரோமானியக் கல் சவப்பெட்டிகளில் செதுக்கிய உருவங்களின் சுருள் முடியைப் பாருங்கள். உளியால் இழைக்காமல் துளைக்கருவியால் ஓட்டை ஓட்டையாகப் போட்டு விட்டிருப்பார்கள். அவசர வேலை. அப்புறம் ஆளுயரத் தனிச்சிலை என்பதே ஐரோப்பாவில் பல நூற்றாண்டு காணோம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உளிச்சத்தம் எழுதியது:

துளைக்கருவி பற்றி நீங்கள் சொல்வது சரி. ஒருவர் கருவியைப் பிடிக்க, இன்னொருவர் வாரை இழுத்து இழுத்துச் சுற்றுவார். வேலை வேகமாக ஓடும், ஓட்டைகள் நிழல் பிடித்துத் தூரத்திலிருந்து முடி மாதிரியே தெரியும். கிட்டப் போனால் சல்லடை. நானும் கல்லில் வேலை செய்கிறவன்தான். கெடு நெருங்கினால் யார் கையும் அந்தப் பக்கம்தான் போகும்.

தனிச்சிலை நின்றதற்குக் காரணம், கேட்க ஆளில்லாமல் போனது. கிறிஸ்தவம் வந்தபின் கோயிலில் வைத்துக் கும்பிடத் தெய்வச் சிலை வேண்டாம், ஊர்ச் சதுக்கத்தில் பெரிய மனிதர் சிலை வைக்கிற வழக்கமும் தேய்ந்துவிட்டது. பழைய வெண்கலச் சிலைகளை உருக்கிவிட்டார்கள். பழைய ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸின் குதிரைச் சிலை தப்பியதே, அதைக் கிறிஸ்தவப் பேரரசர் கான்ஸ்டன்டைன் என்று தப்பாக நினைத்ததால்தான். ஆர்டர் இல்லாத பட்டறையில் சீடப்பிள்ளை எங்கிருந்து வருவான்? நுணுக்கமான கைகள் தந்தத்துக்கும் பொன்னுக்கும் போய்விட்டன.

ஜெர்மனியில் ஹில்டெஸ்ஹைம் பேராலய வெண்கலக் கதவு, 1015. நாலரை மீட்டருக்கு மேல் உயரம், ஒவ்வொரு கதவும் ஒரே வார்ப்பு! அதில் ஒரு காட்சி: பழத்தைத் தின்றது யார் என்று கடவுள் விரல் நீட்டிக் கேட்கிறார். ஆதாம் கூனிக் குறுகி ஏவாளைக் காட்டுகிறான், ஏவாள் கீழே பாம்பைக் காட்டுகிறாள். உடற்கூறு சுமார்தான். ஆனால் மாட்டிக்கொண்டவன் முதுகு எப்படி வளையும் என்று செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

பகல்கனவு எழுதியது:

நன்றி இருவருக்கும். அப்போ சார்த்ர்? பெரிய பேராலயம், பணமும் இருந்திருக்கும், ஆர்டரும் இருந்தது. பிறகும் ஏன் அப்படி?

உளிச்சத்தம் எழுதியது:

சார்த்ர் மேற்கு வாசல் சிலைகளைப் பக்கவாட்டில் எடுத்த படம் தேடிப் பாருங்கள். சிலையும் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தூணும் ஒரே கல். தூணுக்குள் அடங்க வேண்டிய உடம்பு அகலமாக முடியாது, இடுப்பைச் சாய்க்கவும் முடியாது. மடிப்புகள் நெட்டாக இறங்குவது தூணோடு போகத்தான். முகங்களை மட்டும் பாருங்கள், எவ்வளவு சாந்தம். இது 1145-55 வாக்கு வேலை.

அதற்குப் பிறகு ஒரு நூறாண்டுக்குள் ரெய்ம்ஸ் பேராலயம். மரியாளும் எலிசபெத்தும் சந்திக்கும் சிலைகளில் முழங்கால் துணியைத் தள்ளிக்கொண்டு வருகிறது, பாரம் ஒரு காலுக்கு மாறிவிட்டது. உங்கள் கிரிட்டியஸ் சிறுவன் நிற்கிற நிலைதான்.

இத்தாலியில் பீசா கதை இன்னும் சுவாரசியம். கிரேக்கப் புராணத்து ராணி ஃபைத்ராவின் கதை செதுக்கிய பழைய ரோமானியக் கல் சவப்பெட்டி ஒன்று அங்கே இருந்தது. 1076-இல் இறந்த பியாட்ரீஸ் சீமாட்டியை அதில்தான் அடக்கம் செய்தார்கள். எத்தனையோ சிற்பிகள் அதைப் பார்த்திருப்பார்கள். 1260-இல் நிக்கோலா பிசானோ திருமுழுக்கு மண்டபத்துப் பிரசங்க மேடையைச் செய்தபோதுதான், உட்கார்ந்திருக்கும் ஃபைத்ராவைப் பார்த்து மரியாளைச் செதுக்கினார். அதே மேடையில் மன உறுதி என்ற குணத்துக்கு உருவமாகக் கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸை ஆடையில்லாமல் நிறுத்தியிருக்கிறார், கிறிஸ்தவ வழிபாட்டு இடத்துக்குள்ளேயே. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய ஏடு, ஃபைத்ராவின் முடியில் துளைக்கருவி ஓடியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.