முகாம் விளையாட்டு அதிகாரியாக ரெயூனியனில்

ஓய்வுபெற்ற லெப்டினன்ட், சென் பியேர்:

புதுச்சேரிச் சொல்தா குடும்பத்துப் பிள்ளை நான்; பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய தமிழ்க் குடும்பங்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பிரெஞ்சுத் தரைப்படையில் சிப்பாயாகச் சேர்ந்து லெப்டினன்ட் ஆனேன். கடைசிப் பணி இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், 'செர்வீஸ் மிலித்தேர் அதாப்தே' என்ற ராணுவப் பிரிவின் விளையாட்டுப் பொறுப்பு. 1965 முதல் இத்தீவில் இயங்கும் அந்தப் பிரிவு, வேலையற்ற இளைஞர்களுக்குச் சீருடை கொடுத்துத் தொழில் கற்றுத்தருகிறது. தச்சனாகப் போகிறவனுக்கு ஓட்டம் எதற்கு என்று பலர் கேட்டதுண்டு. படிப்பைப் பாதியில் விட்ட பையன் தன்னாலும் ஒன்றை முடிக்க முடியும் என்று நம்புவது முதலில் மைதானத்தில்தான். இதை நான் கண்ணால் பார்த்தவன்.

எனக்குப் பிடித்தது தடை ஓட்டம். 1946இல் ஆன்ரி தெப்ரூஸ் என்ற பிரெஞ்சு அதிகாரி உருவாக்கிய ராணுவ ஐந்துவகைப் போட்டியில் அதுவும் ஒன்று: 500 மீட்டர், 20 தடைகள். போட்டியில் தனி ஆளாக ஓட வேண்டும். பயிற்சியில் நான் குழுவாகத்தான் ஓடவிட்டேன். கடைசி ஆள் கோட்டைத் தொட்ட பிறகே கடிகாரத்தை நிறுத்துவேன். ஆழக் குழியில் இறங்கி ஏற முடியாமல் ஒருவன் தவித்தால், முன்னே போன வேகக்காரன் தானாகத் திரும்பி வந்து கை கொடுப்பான்.

ஒரு மல்பார் பையன், அதாவது இத்தீவின் தமிழ் வம்சாவளிப் பையன், தீமிதிக்காக 18 நாள் விரதத்தில் இருந்தான். தீவின் பேச்சுமொழியான கிரியோல் தவிர வேறு மொழி அறியாதவன். பிளேன் தே காஃப்ர் மேட்டில், ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், குளிர்பனிக்குள் நெடுந்தூர ஓட்டம் வைத்திருந்த வாரம் அது. விரதத்தை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருத்துவரிடம் காட்டினேன். சமையற்கூடத்தில் இறைச்சி படாத பாத்திரத்தில் சோறும் பருப்பும் கீரையும் தனியே வைக்கச் செய்தேன். முதல் வரிசையில் வரவில்லை, ஆனால் முழுத் தூரமும் ஓடினான். மறுநாள் அவன் தாயார் வாயிலில் வந்து என்னைக் கும்பிட்டார்.

சென் ஆந்த்ரே வாசகி:

ஐயா, என் மகனும் அந்தப் பிரிவில் சமையல் படித்தவன். பத்து மணி வரை தூங்கியவன் இன்று விடியலில் எழுந்து தம்பியையும் ஓட்டத்துக்கு இழுத்துப் போகிறான். இப்போது மகளும் சேரக் கேட்கிறாள். பெண்களுக்கும் அதே தடைகள்தானா?

லெப்டினன்ட்:

போட்டியில் பெண்களுக்கு 16 தடைகள், அம்மா. இப்போதே மெதுவோட்டம் தொடங்கட்டும், கை வலுவுக்குக் கம்பியில் தொங்கிப் பழகட்டும்.