இழுவை வண்டியின் இன்டர்கூலர் ஹோஸ்: ரப்பரா, சிலிக்கோனா?

கேள்வி: தொப்பூர் கணவாயில் பழுதான லாரிகளை இழுத்து வரும் எங்கள் டீசல் ரெக்கவரி வண்டியில், டர்போவிலிருந்து (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) இன்டர்கூலருக்குச் (அந்தச் சூடான காற்றைக் குளிர்விக்கும் பகுதி) செல்லும் ரப்பர் ஹோஸ் ஓராண்டில் இரண்டாம் முறையாகக் கிழிந்துவிட்டது. ஏற்றத்தில் இழுவை குறைந்து கரும்புகை தள்ளுகிறது. சிலிக்கோன் ஹோஸ் போட்டால் நிலைக்குமா?

பதில்: முழுச் சுமையில் டர்போவை விட்டு வெளிவரும் காற்றின் வெப்பம் 150 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடும் என்பதால் அந்தப் பக்கத்துக்குச் சிலிக்கோன் பொருத்தமே, ஆனால், காற்றோடு கலந்து வரும் எஞ்சின் ஆயில் சாதாரணச் சிலிக்கோனில் ஊறி, நாளடைவில் அடுக்குகளைப் பிரித்துவிடும். ஆகவே உட்புறம் ஆயிலைத் தாங்கும் ஃப்ளூரோசிலிக்கோன் பூச்சும், இடையில் அராமிட் எனும் வெப்பம் தாங்கும் வலுவான இழைத் துணியும் உள்ள ஹோஸையே கேட்டு வாங்குங்கள். பளபளக்கும் நீல நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் குளிர்ந்த பக்கத்துக்குக் கம்பெனி ஹோஸே போதும்.

பதில்: அளவெடுக்கும்போது உப்பிப்போன பழைய ஹோஸை நம்பாமல், உலோகக் குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். சாதாரணத் திருகு கிளிப்பின் பற்கள் சிலிக்கோனை அறுத்துவிடும். சுருள்வில் வைத்த டி-போல்ட் கிளாம்ப் நல்லது. இரண்டு முறை கிழிந்திருப்பதால், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் தளர்ந்து ஹோஸை இழுக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேட்டவர்: நன்றி ஐயா. பார்த்தேன், ஒருபக்க மவுண்ட் ரப்பர் முற்றிலும் நைந்துள்ளது. முதலில் அதை மாற்றிவிட்டு, நீங்கள் சொன்ன ஹோஸைப் பொருத்துகிறேன்.