ஒப்பந்தச் சட்டம்: பிரச்சினை வினாவுக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

கேள்வி:
மூன்றாண்டு எல்.எல்.பி., முதல் செமஸ்டர், வகுப்பில் 80 பேர். இன்டர்னல் தேர்வில் 10 மதிப்பெண்ணுக்குப் பிரச்சினை வினா (ஒரு சம்பவத்தைக் கொடுத்துச் சட்டத் தீர்வு கேட்பது) கேட்டால், பிரிவு 2-இன் வரையறைகள் மனப்பாடமாக வந்து விழுகின்றன. கொடுத்த சம்பவத்தைக் கடைசி இரண்டு வரியில்தான் தொடுகிறார்கள். ஒரே தாளுக்கு ஒரு ஆசிரியர் 4 போடுகிறார், இன்னொருவர் 8 போடுகிறார். எதை மாற்ற வேண்டும்?

பதில் 1:
முதலில் வினாவை மாற்றுங்கள். "ஏற்பு என்றால் என்ன என விளக்கி, கீழ்க்கண்டதற்குத் தீர்வு காண்க" என்று கேட்டால் வரையறைதான் வரும். "விளக்குக" வேண்டாம், தேதிகளை வைத்துக் கேளுங்கள்.

50 மூட்டை மிளகாய் விற்கிறேன் என்று மதுரை வியாபாரி திருச்சிக் கடைக்காரருக்குக் கடிதம் எழுதுகிறார். ஜூன் 4 காலை கடைக்காரர் ஏற்புக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறார். அன்று மதியம் "விற்கவில்லை" என்று வியாபாரியின் மின்னஞ்சல் வருகிறது. ஒப்பந்தம் உண்டா? துணை வினா: மின்னஞ்சலே வரவில்லை, ஏற்புக் கடிதம் மதுரை போய்ச் சேருமுன் கடைக்காரரே போனில் "வேண்டாம்" என்றால்?

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 4-படி, தபாலில் சேர்த்ததுமே முன்மொழிந்தவர் கட்டுப்படுகிறார். ஏற்றவர் கட்டுப்படுவது, ஏற்பு முன்மொழிந்தவருக்குத் தெரியவரும்போதுதான். அவரவர் கட்டுப்படும் வரைதான் பின்வாங்கலாம் என்னும் பிரிவு 5-ஐச் சேர்த்துப் படித்தால் வியாபாரியின் மின்னஞ்சல் செல்லாது, கடைக்காரரின் போன் செல்லும். தபாலில் சேர்த்ததுமே இருவரும் கட்டுப்படுவார்கள் என்னும் ஆங்கிலேயத் தபால் விதியை அப்படியே எழுதுபவர் இரண்டாவதில் சறுக்குவார். புரிந்து படித்தவர் யார் என்று அங்கே தெரிந்துவிடும்.

பதில் 2:
நல்ல வினா. பிரச்சினையை இனங்காண 2, விதிக்கு 3, சம்பவத்தில் பொருத்த 4, முடிவுக்கு 1 என்று பிரித்துக்கொள்ளுங்கள். முடிவுக்கு ஒன்றுக்கு மேல் கொடுத்தால் ஊகித்தவனும் தேறிவிடுவான். "பிரிவு 5-படி செல்லாது" என்று மட்டும் எழுதினால் அது பொருத்துதல் ஆகாது. எந்தச் செயல் முந்தியது, எது பிந்தியது என்று வர வேண்டும்.

ஆசிரியர்களுக்குள் வித்தியாசம் குறைய, திருத்தத் தொடங்கும் முன் இருவரும் அதே 5 தாள்களைத் தனித்தனியே திருத்தி ஒப்பிடுங்கள். 2 மதிப்பெண்ணுக்கு மேல் விலகினால் விடைக்குறிப்பின் வாசகம் தெளிவாக இல்லை என்று பொருள். அதைத் திருத்திவிட்டு மற்றதைத் தொடுங்கள். தாள் தாளாகத் திருத்தாமல் வினா வினாவாகத் திருத்துங்கள்.

குறிப்பில்லாத பேர் ஆக்டை (சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) தேர்வறையில் அனுமதித்தால் மனப்பாடப் பிரச்சினை பெருமளவு தீரும். வழக்கறிஞர்களுக்கான அகில இந்திய பார் தேர்விலேயே அதற்கு அனுமதி உண்டு. அப்போது விதிக்கு 2, பொருத்தலுக்கு 5.

கேட்டவர்:
நன்றி சார். மூட் கோர்ட்டுக்கும் (மாதிரி நீதிமன்ற வாதப் பயிற்சி) இதே முறை சரிப்படுமா?

பதில் 3:
பார் கவுன்சில் 2008 விதிகளில் மூன்று மூட், ஒவ்வொன்றுக்கும் 10: எழுத்துக்கு 5, வாதத்துக்கு 5. சீனியரின் மெமோரியலை (எழுத்து வாதம்) பார்த்து எழுதுவதுதான் பெரிய தொல்லை. வாதத்தின்போது அவரவர் மெமோரியலிலிருந்தே ஒரு பத்தியைக் காட்டி, "இந்தத் தீர்ப்பின் சம்பவம் நம் வழக்கோடு எங்கே வேறுபடுகிறது?" என்று கேளுங்கள். பார்த்து எழுதியவர் அங்கேயே நின்றுவிடுவார். பக்கத்துக்கு இருவர், நால்வருக்கு ஒரு மணி நேரம் என்றால் 80 பேருக்கு 20 மணி நேரம் ஆகும். செமஸ்டரின் கடைசி வாரத்தில் அடைக்காமல், வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கிப் பத்து வாரத்தில் முடியுங்கள்.