ஸ்கிரீன் பிரிண்டிங்: கழுவும்போது எமல்ஷன் உரிந்து வருகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பனியன் பிரிண்டிங், திருப்பூர்:
எமல்ஷன் என்பது மெஷ்ஷில், அதாவது பிரேமில் இழுத்துக் கட்டிய வலைத் துணியில், பூசும் பசை; லைட் பட்டால் இறுகும். மழைக்காலம் வந்தால் இந்தப் புகாரும் கூடவே வரும். பலர் எக்ஸ்போஸ் நேரத்தை, அதாவது லைட் காட்டும் நேரத்தை, கூட்டிப் பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது பூசிய எமல்ஷன் நன்றாகக் காய்ந்ததா என்பது. தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், மெஷ் கண்ணுக்குள் ஈரம் நிற்கும். ஈரத்தோடு லைட் காட்டினால் எமல்ஷன் இறுகாது, தண்ணீர் அடித்ததும் வழவழவென்று உரியும். பிரேமைப் படுக்கையாக, துணியில் படும் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து ஃபேன் காற்றில் காய விடுங்கள். சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் லைட் படாமலே இறுகிவிடும், பிறகு கழுவினாலும் டிசைன் இடம் திறக்காது. அறையில் மஞ்சள் பல்பு மட்டும்.

கல்யாணப் பத்திரிகை, சென்னை:
காய்ந்தது சரி என்றால் மெஷ்ஷைப் பாருங்கள். கடையில் 43 என்றாலும் 110 என்றாலும் ஒன்றுதான்; முன்னது ஒரு செ.மீ.க்கு எத்தனை இழை என்ற கணக்கு, பின்னது அங்குலத்துக்கு. பனியனுக்கு அது போதும். அட்டையில் பொடி எழுத்துக்கு 120, அதாவது 305. வெள்ளை மெஷ் வெளிச்சத்தைச் சிதறடித்து மெல்லிய கோடுகளை அடைக்கும். மஞ்சள் மெஷ்ஷில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் எக்ஸ்போஸ் நேரம் கூடும். வெள்ளைக்கு வைத்த நேரத்தையே மஞ்சளுக்கும் வைத்தால் உரியத்தான் செய்யும்.

பனியன் பிரிண்டிங், திருப்பூர்:
ஆமாம், அதை விட்டுவிட்டேன். நேரத்தை ஊகிக்க வேண்டாம். பாசிட்டிவை (டிசைன் கறுப்பாக இருக்கும் ஃபிலிம்) ஐந்து பட்டையாகப் பிரித்து, கறுப்பு அட்டையை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொன்றுக்கும் நேரம் கூட்டுங்கள். கழுவிய பிறகு ஸ்க்வீஜி (மை இழுக்கும் ரப்பர் கட்டை) பக்கம் வழவழப்பு இல்லாமலும், மெல்லிய கோடு அடைபடாமலும் இருக்கும் பட்டைதான் உங்கள் நேரம். பல்பு பழசானால் திரும்பச் செய்ய வேண்டும்.

ஸ்கிரீன் மேக்கிங், ஈரோடு:
எமல்ஷன் பூசுமுன் மெஷ்ஷை டிகிரீசர் போட்டுத் தேய்த்தே ஆக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கங்கே மீன்கண் போல வட்டம் விழும். வாட்டர் பேஸ் பேஸ்ட் (தண்ணீர் கலந்த மை) ஓட்டுகிறவர்கள் தண்ணீர் தாங்கும் எமல்ஷனைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண எமல்ஷன் பாதி ஆர்டரிலேயே கரைந்து போகும், அதற்கும் எக்ஸ்போஸைத் திட்டிப் பயனில்லை. பழைய டிசைனை எடுக்கும்போது ரிமூவர் மெஷ்ஷிலேயே காய விடாதீர்கள். காய்ந்தால் எமல்ஷன் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும், புது மெஷ்தான் கட்ட வேண்டும்.