தீம் பார்க் பஸ் டிரைவர் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறா?

கேள்வி: அஸ்தம்பட்டி அக்கா

இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் சண்டை ஓயவில்லை, அதனால் இங்கே கொண்டு வருகிறேன். முழுப்பரீட்சை லீவுக்குப் பிள்ளைகளையும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு பக்கத்து மாநிலத்தில் ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போயிருந்தோம், பெயர் வேண்டாம். கார் நிறுத்துகிற இடத்திலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து அவர்களுடைய விடுதிக்கும் அவர்களே பஸ் விடுகிறார்கள், அதற்கும் சேர்த்துத்தான் பேக்கேஜ் என்று பணம் வாங்குகிறார்கள். உள்ளே ரைடு ஓட்டுகிற பிள்ளைகள் எல்லாம் நல்லபடியாகப் பேசினார்கள், அதில் குறையே இல்லை.

பஸ்ஸில்தான் வந்தது வினை. ஏறும்போது என் சின்னவள் "குட் மார்னிங் அங்கிள்" என்றாள், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமனாருக்கு முட்டிவலி, படியும் உயரம், மெதுவாகத்தான் ஏற முடிந்தது. அதுவரை ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து வண்டியை உறுமவிட்டுக்கொண்டே இருந்தார். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டதற்கு "போர்டுல போட்டிருக்கும்" என்றார். எந்தப் போர்டிலும் போட்டிருக்கவில்லை. ராத்திரி விளக்கு நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால் பஸ் இல்லை, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விடுதி வரை நடந்தோம்.

என் வீட்டுக்காரர் என்னைத்தான் குறை சொல்கிறார். "ஏற்காடு பஸ்ஸில் ஏறினால் டிரைவர் உனக்கு வணக்கம் சொல்கிறாரா? அங்கே கேட்காததை இங்கே மட்டும் ஏன் கேட்கிறாய்?" என்கிறார். அது ஊருக்குப் போகிற பஸ், இவர்கள் விளம்பரத்தில் டிரைவர் கையாட்டிச் சிரிக்கிற மாதிரி படம் போட்டு, தலைக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு விடுகிற பஸ், இரண்டும் ஒன்றா? நான் கேட்பது அதிகமா? புகார் எழுதினால் அந்த மனிதரின் வேலை போய்விடுமோ என்றும் ஒரு பக்கம் உறுத்துகிறது.

பதில்: குகை கார்த்தி

அக்கா, நீங்கள் காசு கொடுத்தது ரைடுக்கும் ஏற்றி இறக்கி விடுவதற்கும். சிரிப்புக்குத் தனியாக பில் போடவில்லையே. நாள் முழுக்க ஒரே வட்டத்தில் சுற்றுகிற மனிதர் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் குட் மார்னிங் சொல்லிக்கொண்டிருந்தால் சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிடும். நம் ஊரில் கடைக்காரன் முறைத்துக்கொண்டு கொடுத்தாலும் தட்டுவடை செட் ருசியாக இருந்தால் வாங்கித் தின்கிறோமா இல்லையா.

பதில்: கொண்டை ஊசி

நான் அரசுப் பேருந்தில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவன், சர்வீஸில் பெரும்பகுதி ஏற்காடு ரூட். அக்காவின் வீட்டுக்காரர் எங்களை இழுத்துவிட்டதால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

ஏற்காடு டிரைவர் வணக்கம் சொல்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் எங்கள் வண்டியில் பேசுகிற வேலை கண்டக்டருடையது. ஸ்டாப்பிங் கேட்பது, சில்லறைச் சண்டை, வாந்தி வருகிறவருக்கு ஜன்னல் சீட் மாற்றிக் கொடுப்பது, எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று பக்கத்து சீட்டில் விசாரிப்பது எல்லாம் அவர். ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று வண்டிக்குள்ளேயே எழுதிப் போட்டிருப்பார்கள். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. வளைவு குறுகலாக இருந்தால் இறங்குகிற வண்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், அதுதான் விதி. மேலே வருகிற சுற்றுலாக் கார்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, வளைவுக்குள் மூக்கை நுழைத்துவிட்டு நம்மைப் பார்த்து ஹாரன் அடிப்பார்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடாகி, தேவைப்படுகிற நேரத்தில் பிடிக்காது. இந்த லட்சணத்தில் பின்னால் இருந்து ஒருவர் "அண்ணே, லேடீஸ் சீட் வியூ பாயின்ட் எந்தப் பக்கம்" என்று கேட்டால் நான் திரும்பமாட்டேன். திரும்பினால்தான் நீங்கள் புகார் கொடுக்க வேண்டும்.

டிரைவருடைய மரியாதை வாயில் இல்லை, காலில் இருக்கிறது. கிளட்சை எப்படி விடுகிறார், வயசானவர் உட்கார்ந்த பிறகு எடுக்கிறாரா, பள்ளத்தில் நிறுத்தாமல் திட்டுப் பக்கம் ஒட்டி நிறுத்துகிறாரா, இதைப் பார்த்துத்தான் நான் ஒரு டிரைவரை எடை போடுவேன். மலைக் கிராமத்துப் பாட்டிகள் மிளகு மூட்டையோடு ஏறுவார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது, ஆனால் அவர்கள் காலை ஊன்றி நிற்கும் வரை வண்டி நகராது. அந்த மனிதர் உங்கள் மாமனார் ஏறும்போது உறுமவிட்டார் பாருங்கள், அதுதான் தப்பு. குழந்தைக்கு குட் மார்னிங் சொல்லாததை நான் பெரிசாக எடுக்கவில்லை.

இன்னொன்றும் விசாரித்துப் பாருங்கள், அவர் எத்தனை மணியிலிருந்து வண்டியில் இருந்தார் என்று. நான் ஓட்டிய காலத்தில் இருந்த 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. கோடை விழா சீசனில் அடிவாரத்திலிருந்தே வண்டிகள் ஊர்ந்து, சில வருடம் ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்குக் குப்பனூர் பாதை என்று பிரித்துவிடுகிற அளவுக்குக் கூட்டம் வரும். அந்த நாட்களில் டபுள் டூட்டி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் பெற்ற பிள்ளையிடமே சிரிக்க முடியாது.

பதில்: அஸ்தம்பட்டி அக்கா

அண்ணா, மலைப்பாதையில் நீங்கள் பேச வேண்டாம், கும்பிட்டே சொல்கிறேன், பேசவே வேண்டாம். ஆனால் இது வளைவு நெளிவு இல்லாத அவர்களுடைய சொந்த ரோடு. நான் கேட்டதும் வண்டி நின்றுகொண்டிருந்த நேரத்தில். அந்த பஸ்ஸில் கண்டக்டரும் கிடையாது, அப்புறம் யாரைத்தான் கேட்பது? கார்த்தி தம்பி, தட்டுவடை செட் கையில் கிடைத்துவிட்டால் நானும் போய்விடுவேன், எனக்குக் கடைசி பஸ்ஸே கிடைக்கவில்லையே.

பதில்: சூரமங்கலம் டு ஓர்லாண்டோ

சேலம்காரன், இப்போது இருப்பது ஃபுளோரிடாவில். டிஸ்னி வேர்ல்டு இங்கேதான் இருக்கிறது, 1971 இல் திறந்தது. ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போகிற வேலை எனக்கு, அதனால் அவர்களுடைய பஸ், படகு, மோனோரயில், 2019 இல் வந்த ஸ்கைலைனர் என்ற கேபிள் கார் எல்லாம் பழக்கம்.

கனிவான சேவை என்றாலே உலகம் முழுக்க அவர்களைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அவர்கள் ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற விதிகளில் முதலாவது என்ன தெரியுமா? பாதுகாப்பு. மரியாதை இரண்டாவது. அப்புறம்தான் காட்சி, அதாவது பார்வைக்கு எல்லாம் கச்சிதமாக இருப்பது, அதற்கும் பிறகு வேகமும் திறமையும். பல காலம் இந்த நான்குதான், அண்மையில் எல்லோரையும் அரவணைத்தல் என்று ஐந்தாவதைச் சேர்த்தார்கள். ஒன்றோடொன்று மோதினால் மேலே இருப்பதுதான் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் மோனோரயிலில் டிரைவர் பக்கத்தில் முன் கேபினில் உட்கார்ந்து போகலாம், கேட்டால் விடுவார்கள், குழந்தைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம். 2009 ஜூலையில் இரண்டு ரயில்கள் மோதி ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார், அதோடு அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கும் கேபினில் உட்காரக் கேட்டு, முடியாது என்றதும் ஊழியர் கனிவாக இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆட்களைப் பார்க்கிறேன்.

இங்கேயும் பஸ் டிரைவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. ஒருவர் மைக்கைப் பிடித்து விடுகதை போட்டு பஸ்ஸையே சிரிக்க வைப்பார், இன்னொருவர் வாயே திறக்கமாட்டார். பேசாத வண்டியில் ஏறினாலும் நான் தவிப்பதில்லை, ஏனென்றால் அடுத்த வண்டி எப்போது என்று பெரும்பாலும் நிறுத்தத்துத் திரையிலேயே ஓடும், கதவு திறந்ததும் இது எங்கே போகிற வண்டி என்று ஒலிபெருக்கி சொல்லும், சக்கர நாற்காலிக்காரரை ஏற்றுவதற்குச் சாய்தளம் இருக்கும். டிரைவருடைய மனநிலையை நம்பி நான் நிற்க வேண்டியதில்லை. அக்கா போன இடத்தில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல் எல்லாப் பாரமும் அந்த ஒரு மனிதரின் தலையில் விழுந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பதில்: ஐந்து ரோடு டிராவல்ஸ்

நான் சின்னதாக டெம்போ டிராவலர் வைத்து ஓட்டுகிறேன், ஸ்கூல், கம்பெனி, ரிசார்ட் கான்ட்ராக்ட் எல்லாம் எடுத்தது உண்டு. யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பஸ் மேல் பார்க் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் டிரைவர் பார்க் ஆள் என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் வண்டி வேறு ஒருவருடையது, டிரைவர் இன்னொருவர் அனுப்பிய ஆள், சம்பளம் ட்ரிப் கணக்கு. உள்ளே ரைடு ஓட்டுகிற பிள்ளைகளுக்கு எப்படிப் பேச வேண்டும் என்று வகுப்பு எடுப்பார்கள், இவரை அந்த வகுப்புக்குக் கூப்பிடவே மாட்டார்கள். யூனிஃபார்ம் சட்டையைக் கையில் கொடுத்து சாவியைக் கொடுத்தால் முடிந்தது. ட்ரிப் கணக்கில் ஓடுகிறவருக்கு உங்கள் மாமனார் ஏறுகிற நேரம் சொந்தப் பையிலிருந்து போகிற நேரம். உறுமவிட்டது சரி என்று சொல்லவில்லை, ஆனால் உறுமல் அங்கிருந்துதான் வருகிறது.

ஓர்லாண்டோ தம்பி, அங்கேயும் விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு விட்ட பஸ் வெளிக் கம்பெனிதானே?

பதில்: சூரமங்கலம் டு ஓர்லாண்டோ

ஆமாம் அண்ணா. மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் என்று 2005 இல் தொடங்கி 2022 தொடக்கம் வரை ஓடியது, வண்டி முழுக்க டிஸ்னி படம், ஓட்டியது மியர்ஸ் என்கிற தனியார் நிறுவனம். பூங்காவுக்குள் சுற்றுகிற பஸ்களை மட்டும் அவர்களுடைய சொந்த ஊழியர்கள் ஓட்டுகிறார்கள். பயணிக்கு இந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது, ஒருவர் கடுகடுத்தால் பெயர் கெடுவது படத்தில் இருக்கிற எலிக்குத்தான்.

பதில்: சன்னியாசிகுண்டு அம்மா

என் மகன் சக்கர நாற்காலியில் போகிறவன், அதனால் இந்தப் பேச்சில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. தேன் ஒழுகப் பேசிக்கொண்டே "அடுத்த வண்டியில வாங்கம்மா, அது காலியா வரும்" என்று விட்டுவிட்டுப் போன டிரைவர்களை நிறையப் பார்த்தாயிற்று. ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வந்து, நாற்காலியை மடக்கி உள்ளே வைத்து, பையனைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு அதே முகத்தோடு போய் ஸ்டியரிங்கைப் பிடித்தவரையும் பார்த்திருக்கிறேன். எனக்கு இரண்டாமவர் போதும். ஆனால் கார்த்தி சொல்கிற மாதிரி முகம் முக்கியமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். உதவி கேட்டே ஆக வேண்டிய நிலையில் இருக்கிறவர்களுக்கு, கேட்கலாமா வேண்டாமா என்பதை அந்த முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கை கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு இது புரியாது கண்ணு.

பதில்: குகை கார்த்தி

அம்மா, நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், அது நான் யோசிக்காத பக்கம். ஆனாலும் விளம்பரத்தில் சிரித்தார் அதனால் நேரிலும் சிரிக்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சேலை விளம்பரத்தில் வருகிற பொம்பளை கடையிலா நிற்கிறார்?

பதில்: கோர்ட் ரோடு

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. புகார் தாராளமாக எழுதலாம், எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதில் இருக்கிறது விஷயம். டிரைவர் சிரிக்கவில்லை, முகம் கொடுக்கவில்லை என்பதை நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று நிரூபிப்பது கஷ்டம். பேக்கேஜில் பஸ் உண்டு என்று பணம் வாங்கிவிட்டு, கடைசி பஸ் நேரத்தை எங்கும் அறிவிக்காமல், நிகழ்ச்சி முடிந்து வருகிறவர்களுக்கு வண்டியே இல்லாமல் செய்தது அப்படி இல்லை, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பார்க் வேறு மாநிலத்தில் இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற சேலத்திலேயே மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பேக்கேஜ் ரசீது, பஸ் உண்டு என்று போட்டிருக்கிற பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள், பக்கத்தை மாற்றிவிடுவார்கள்.

பதில்: அஸ்தம்பட்டி அக்கா

எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்காரரிடம் கொண்டை ஊசி அண்ணா எழுதியதைப் படித்துக் காட்டினேன், தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், மாமனார் ஏறும்போது உறுமியதைப் பற்றி எழுதியிருந்த இடம் மட்டும் அவர் காதில் விழவில்லை. கடிதத்தில் டிரைவர் பெயர், வண்டி நம்பர் எதுவும் போடப்போவதில்லை. பஸ் நேரத்தைப் போர்டில் போடுங்கள், நிகழ்ச்சி முடியும் வரை ஒரு வண்டியை நிறுத்தி வையுங்கள், வயசானவர்கள் ஏற ஒரு சின்னப் படிக்கட்டு வையுங்கள், நிறுத்தத்தில் பதில் சொல்ல ஒரு ஆளைப் போடுங்கள் என்று கேட்கப் போகிறேன். அந்த ஆள் மட்டும் கொஞ்சம் சிரித்தால் நன்றாக இருக்கும், இதை நான் விடுவதாக இல்லை கார்த்தி தம்பி. நேராக ஆணையத்துக்குப் போக வேண்டுமா, முதலில் மெயில் போட்டால் போதுமா?

பதில்: கோர்ட் ரோடு

முதலில் மெயில். பதில் சொல்ல ஒரு தேதி குறிப்பிடுங்கள், அதற்குள் வரவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். பெரும்பாலும் அந்த இடத்திலேயே கூப்பிட்டுப் பேசி முடித்துவிடுவார்கள்.